பல் சீரமைப்பில் எளிதும் அரிதும்

 

பள்ளி ஆசிரியர்க்குப் பல் மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். 2020ஆம் ஆண்டில் தமிழகத்தில் இயற்றப்பெற்ற சட்டத்தால் மருத்துவம், பல் மருத்துவம் ஆகிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கென ஒதுக்கப்படுகின்றன. நம் தெருப் பிள்ளைகளும் பி.டி.எஸ். வகுப்பில் அமர வழி பிறந்திருக்கிறது. அங்கே அவர்கள் பெறவேண்டிய திறன்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். ஒருவரின் பல்வரிசையைச் சீராக்குவது எளிதா, அரிதா என்று முன்கூட்டியே மதிப்பிடும் திறன் அது.

இரு பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஒருத்திக்குப் பற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. கோரைப்பல் தெற்றுப்பல்லாய் மேலேறி இருக்கிறது. மற்றொருவனுக்குப் பற்கள் வரிசையாகவே உள்ளன. ஆனால் கீழ்த்தாடை முன்னோக்கி வளர்ந்து, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. எது கடினம் என்று கேட்டால், புதிதாகப் பயிலும் மாணவர் முதற்பிள்ளையையே காட்டக்கூடும். கண்ணுக்குத் தெரியும் கோணல் அதுவே. பழகிய வல்லுநரோ இரண்டாமவனைப் பார்த்தே தயங்குவார். தாடைகள் பொருந்தியிருந்தால் நெருக்கத்தை நீக்கப் பல் ஒன்றிரண்டை எடுத்தோ, இடம் உண்டாக்கியோ கம்பி கட்டிச் சீர்செய்யலாம். தாடை எலும்பின் வளர்ச்சியைக் கம்பி மட்டும் கட்டுப்படுத்தாது. வளர்ச்சி முடியும்வரை காத்திருந்து அறுவை செய்ய வேண்டியும் நேரலாம்.

ஒரே விடைத்தாளை இருவர் திருத்தினால் மதிப்பெண் வேறுபடும் என்பது ஆசிரியர்களாகிய நமக்குப் புதிதன்று. அதற்காகத்தானே விடைக்குறிப்பு தருகிறார்கள்! பல் மருத்துவரும் அத்தகைய குறிப்புகளை வகுத்துக்கொண்டனர். 1899இல் அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள், மேல் கீழ் முதற் பெரிய கடைவாய்ப்பற்கள் பொருந்தும் நிலையைக் கொண்டு மூவகைகளைப் பகுத்தார். அது வகையைச் சொல்லிற்று; கடினத்தைச் சொல்லவில்லை. 1989இல் இங்கிலாந்தில் புரூக், ஷா ஆகிய இருவர் சிகிச்சைத் தேவையை 5 படிகளாக்கினர். மேல் முன்பற்கள் 9 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தியிருந்தால் ஐந்தாம் படி. ஆனால் தேவை வேறு, கடினம் வேறு. தேவை மிகுந்திருந்தும், வளரும் வயதில் தொடங்கினால் ஓரளவு எளிதில் கைகூடுவனவும் உண்டு.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அளவுகோல் 9 நாடுகளின் 97 வல்லுநர்களின் தீர்ப்புகளைத் திரட்டி அமைக்கப்பட்டது. பற்களின் தோற்றத்திற்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு 7ஆல் பெருக்குவர். நெருக்கத்தையும், மேற்பல் கீழ்ப்பல் மாறிப் பொருந்துவதையும் 5ஆல். முன்பற்கள் மேல்கீழாக எவ்வளவு மூடுகின்றன என்பதை 4ஆல். பக்கப்பற்களின் பொருத்தத்தை 3ஆல். கூட்டுத்தொகை 29க்குக் கீழென்றால் எளிது. 77க்கு மேலென்றால் மிகக் கடினம். தோற்றத்திற்கே பெரும்பங்கு! நாம் கண்ட முதற்பிள்ளையின் எண் இதில் ஏறிவிடும். எலும்போ கணக்கில் வாராது. 2004இல் அமெரிக்கப் பல் சீரமைப்பு வாரியம் வெளியிட்ட அளவுகோல், தலையின் பக்கவாட்டு எக்ஸ்-கதிர்ப் படத்தில் தாடைகளின் கோணங்களையும் அளந்து சேர்க்கிறது. ஒரே பிள்ளை ஓர் அளவில் எளிதாகவும், மற்றோர் அளவில் கடினமாகவும் தோன்றக்கூடும். ஆகவே எண்ணை மட்டும் எழுதிவைக்கும் மாணவர், அந்த எண் எதை அளந்தது, எதை விட்டது என்றும் கேட்டாக வேண்டும்.

இரண்டும் விட்ட ஒன்றும் உண்டு. சீரமைப்பு ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என நீளும். மாதந்தோறும் செல்ல வேண்டும். கூலிக்குச் செல்லும் தாய்க்கு அது மாதம் ஒரு நாள் கூலி, அதன்மேல் பேருந்துக் கட்டணம். நம் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டே பாடம் படிப்பாள். ஊரில் ஒரு மருத்துவ நிலையத்தில் ஆறே மாதத்தில் முடியும் என்று சொல்லிக் கம்பி கட்டினர். ஓராண்டு சென்றும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. தவணையாகக் கட்டிய பணம் போயிற்று. பின்னர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் குறை தாடையில் என்று தெரிந்தது. முதல் நாளே அப்படத்தை எடுத்திருந்தால், இது தம்மால் ஆகாது, மேல் நிலைக்கு அனுப்புவோம் என்று கூறியிருக்கலாம். அங்ஙனம் கூறுவதை இழுக்கென எண்ணுவது நம் நாட்டில் பல தொழில்களிலும் உள்ள வழக்கமே!

பெற்றோர்க்கு ஒன்று கூறுகிறோம். ஏழு வயதில் ஒருமுறை பிள்ளையின் பல்லைக் காட்டுங்கள். முதற் கடைவாய்ப்பல்லும் முன்பற்களும் முளைக்கும் பருவம் அது. தாடையின் போக்கு அப்போதே ஓரளவு புலப்படும். கம்பி கட்டலாம் என்று மருத்துவர் கூறினால், தாடைக்குப் படம் எடுத்தாயிற்றா, எத்தனை மாதம் ஆகும், சிறப்பு வல்லுநர் பார்க்க வேண்டுமா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறை உண்டு. வழி தெரியாதோர் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் வந்து கேட்கலாம்.