கோடு போடும் முன் கேளுங்கள்



சென்னை விமான நிலையத்திலிருந்து, ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாகக் கிளாம்பாக்கம் வரை, சுமார் 15.5 கிலோமீட்டர் தூரத்துக்கு, மெட்ரோ ரயிலைத் தூண்களின்மீது கொண்டுசெல்ல உத்தேசித்திருக்கிறார்கள். அதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். 2023ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது முதல், மூட்டை முடிச்சுகளோடும் கைக்குழந்தைகளோடும் அங்கே போய்ச் சேர ஜனங்கள் படும் பாட்டைக் கண்டவர் எவரும் இந்த ரயிலின் தேவையை மறுக்கமாட்டார். ஆயினும், தூண் எங்கே எழும்பும், அதன்கீழ் சாலையை யார் எவ்விடத்தில் கடப்பார், சர்வீஸ் ரோடு எவர் வாசலோடு நின்றுபோகும் என்பனவற்றையெல்லாம் முடிவுசெய்துவிட்டு, அச்சிட்ட வரைபடத்தை, சாலையின் இருமருங்கிலும் வாழும் நம்முன் விரித்து, ஆட்சேபணை உண்டா என்று வினவுவதற்குப் பொதுமக்கள் பங்கேற்பு என்று பெயர் சூட்டுவதை நான் ஒப்பமாட்டேன்.

ஜி.எஸ்.டி. சாலையும் இப்போதுள்ள ரயில் பாதையும் அருகருகே ஓடுகின்றன; ஆகவே தண்டவாளத்துக்குக் கிழக்கே குடியிருப்பவர், இரண்டையும் கடந்தாலொழிய மேற்கே கால்வைக்க இயலாது. மாலையில் குரோம்பேட்டைப் பக்கம் நின்று பாருங்கள்: ஒரு தாய், முதுகில் பிள்ளையின் புத்தகப்பையும் கையில் பிள்ளையுமாக, பாதிச் சாலையைக் கடந்து சென்டர் மீடியனின்மேல் ஏறி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஷேர் ஆட்டோவும் லாரியும் விடுகிற ஒரு கண இடைவெளிக்காகக் காத்து நிற்கிறாள். தூணின் பாரத்தையும் மண்ணின் வலுவையும் பொறியாளர் அறிவார். அவருடைய சாஸ்திரத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தத் தாய் ஏன் அவ்விடத்தில் கடக்கிறாள், பல்லாவரத்தில் சந்தை கூடும் வெள்ளிக்கிழமையன்று கூட்டம் எந்தச் சந்தில் திரும்புகிறது, ஐப்பசி மழையில் எந்தத் தெருமுனையில் முழங்காலளவு நீர் தேங்குகிறது என்பதை அவளும் அவளுடைய அண்டை அயலாருமே அறிவார்கள்.

ஜனங்களைக் கலந்தால் காரியம் தாமதப்படும் என்கிறார்கள். கலக்காமல் கட்டிவிட்டு, பிறகு மீடியனை உடைத்து வழிதிறந்து, விபத்துக்குப்பின் அதையே மறுபடி அடைத்து, வருஷக்கணக்கில் பரிகாரம் தேடுவது தாமதம் ஆகாதா?

ஜனங்களைக் கலந்துபேசுவது சட்டத்துக்கு அந்நியமும் அன்று. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வரைவுத் திட்டத்தை ஆட்சேபிக்கும் உரிமையைத் தந்தது. அது போதாது என்பதே என் குறை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமோ, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஸ்தானங்களை வியாபாரிகளுக்கே ஒதுக்கியது. தரைக்கடை போடுபவருக்குத் தம் தொழிலிடம் பற்றிய ஆலோசனையில் ஆசனம் உண்டெனில், அதே சாலையோரம் ஆயுளைக் கழிக்கும் குடும்பங்களுக்கு ஏன் இல்லை? 2022இல் விதிகள் வகுத்து, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளையும் ஏற்படுத்தினார்கள். தெருவிளக்குக்கும் குப்பைத் தொட்டிக்கும் மனு வாங்குவதோடு அவை நின்றுவிடலாகாது.

ஆகையால் இங்கே கூடியிருக்கும் உங்கள் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன்: தூண்களின் இடமும் நிலையங்களின் படிக்கட்டும் நிச்சயிக்கப்படுவதற்கு முன்பே, சாலையை ஒட்டிய ஒவ்வொரு வார்டிலும், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பின்னர் மாலை நேரத்தில், பகுதி சபையைக் கூட்டவேண்டும், திட்டத்தைத் தமிழில், பெரிய வரைபடமாக, அங்கே வைக்கவேண்டும், ஜனங்கள் சொன்னதில் எதை ஏற்றார்கள், எதை எக்காரணத்தால் தள்ளினார்கள் என்று எழுத்து மூலம் அதே சபைக்குத் திரும்பிவந்து சொல்லவேண்டும். இதை வழிமொழிய உங்களை வேண்டுகிறேன்.