மடக்குக் கட்டை யாருக்கு உதவும்?



வடக்கனந்தல் பக்கமிருந்து கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைக்கு ஏறும் பாதையில் போலீஸ் ஜீப்பைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் காவலருக்கு நீளத் துப்பாக்கி பெரிய தொல்லை. முழங்காலுக்கு நடுவே நிறுத்தினால் கூரையில் இடிக்கும், குறுக்கே வைத்தால் பக்கத்து ஆளைக் குத்தும். இறங்கும்போது கதவில் மாட்டும். இந்தத் தொல்லைக்காகப் பிறந்ததுதான் மடக்குக் கட்டை.

கட்டை என்பது துப்பாக்கியின் பின்பகுதி. சுடும்போது வரும் உதையைத் தோள் வாங்கிக்கொள்வதும், கன்னத்தைப் பதித்துக் குறி பார்ப்பதும் அதனால்தான். ஆனால் குண்டு அதன் வழியே ஓடுவதில்லை. எனவே நீளத்தைக் குறைப்பதென்றால் அங்கேதான் குறைக்க வேண்டும். குழலை அறுத்தால் குண்டின் வேகம் போய்விடும். கட்டையை மடக்கினால் குழலுக்கு ஒரு குறையும் இல்லை. இதைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான்.

இரண்டாம் உலகப் போரில் இது பரவலானது. ஜெர்மானியரின் எம்.பி.40 விரித்தால் 83 சென்டிமீட்டர், மடக்கினால் 63. அமெரிக்கா தன் பாராசூட் வீரர்களுக்கென்றே எம்1ஏ1 கார்பைனைச் செய்தது. அது 90-லிருந்து 65-க்குச் சுருங்கும். விமானக் கதவில் மாட்டாமல் குதிக்க வேண்டியவனுக்கு அந்தக் கால் மீட்டர் பெரிய விஷயம். நம் நாட்டுப் போலீஸ் பல்லாண்டு சுமந்த கான்பூர் கார்பைனும் 69 சென்டிமீட்டரிலிருந்து 48-க்கு மடங்கும். 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் டார் ரைபிளில் மடக்குக் கட்டை வைத்த வகை உண்டு. இப்போது அமேதியில் உருவாகும் ஏகே-203-க்கும் மடங்கும் கட்டைதான்.

சரி, எல்லாத் துப்பாக்கிக்கும் இதையே வைத்துவிடலாமே என்றால், கூடாது. கீல் என்று ஒன்று வந்தாலே நாள்பட ஆட்டம் கொடுக்கும். எம்.பி.40-க்கு அந்தக் கெட்ட பெயர் உண்டு. எம்1ஏ1-இன் கட்டையோ விரித்த நிலையிலும் உறுதியாகப் பூட்டிக்கொள்ளாது; வெறும் ஸ்பிரிங் பிடிதான். கம்பியாலான கட்டையில் கன்னம் சரியாகப் பதியாது, பதிந்தாலும் வெயிலில் சுடும். மடக்குக் குடை பைக்குள் அடங்கும், காற்றடித்தால் நீளக் குடைதான் நிற்கும் என்பது போலத்தான் இதுவும். சினிமாவில் கதாநாயகன் மடக்கிய துப்பாக்கியை இடுப்பில் வைத்துச் சுடுகிறாரே, அதை நம்பாதீர்கள். தோளில் ஊன்றாத ரைபிள் சத்தம் போடும், குறி தவறும். மடக்கி வைப்பது எடுத்துச் செல்வதற்கு. சுடுவதற்கு விரித்தாக வேண்டும்.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் பழைய நாட்டுத் துப்பாக்கி இன்றும் பிடிபடுகிறது. கரிமருந்தையும் பால்ரஸ் குண்டையும் குழல் வாய் வழியாகப் போட்டுக் கெட்டிக்கும் வகை அது. அதற்கு மடக்குக் கட்டையால் ஒரு பயனும் இல்லை. மருந்து கெட்டிக்கும்போது துப்பாக்கியைத் தரையில் நட்டுவைத்து, மேலிருந்து கம்பியால் குத்த வேண்டும். அந்தக் குத்தைக் கட்டைதான் தாங்குகிறது. கீல் வைத்தால் பத்துக் குத்தில் ஆடிப்போகும். கரிமருந்து நின்று எரிய நீளக் குழலும் வேண்டும். ஆக, அந்தத் துப்பாக்கி நீளமாக இருப்பது காரணத்தோடுதான். மறைத்து எடுத்துப்போக வசதி என்று குழலை அறுப்பவர்களும் இருக்கிறார்கள். அது மகா முட்டாள்தனம். வேகமும் போகும், குறியும் போகும்.

என் கணக்கில் மடக்குக் கட்டையின் பயன் முழுவதும் வாகனத்தோடு சேர்ந்தது. ஜீப், ஹெலிகாப்டர், கவச வண்டி என்று ஏறி இறங்குகிறவர்களுக்கு அது தேவை. மலையில் சாராய ஊறல் தேடி நடந்தே போகும் காவலருக்கு ஓரளவு உதவும். முதுகில் மாட்டினால் புதரில் சிக்காது. ஆனால் திடீரென்று தேவைப்பட்டால் விரிக்க ஒரு நொடி வேண்டும் என்பதை அவர் மறந்துவிடக் கூடாது. வங்கி வாசலிலும் கருவூல வாசலிலும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பவருக்கு இது வீண் செலவு.

உழவர்களுக்கு ஒரு வார்த்தை. பன்றி பயிரை அழிக்கிறது என்று கள்ளத் துப்பாக்கியைத் தேடாதீர்கள். பயிர்க் காவலுக்கு உரிமம் கேட்க ஆயுதச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த உரிமம் கிடைத்தாலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி விலங்கைச் சுடத் தனி அனுமதி வேண்டும். உரிமமில்லாத துப்பாக்கி பரணில் கிடந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.