காளான் சாறு புற்றுநோயைக் குணப்படுத்துமா?

புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும், நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மருந்தைச் சொல்வது வழக்கம். மலேசியாவில் அந்த வரிசையில் தவறாமல் இடம்பெறுவது லிங்ஸி காளான். மாத்திரையாகவும் பொடியாகவும் காப்பியில் கலந்தும் அது விற்பனையாகிறது. "ஜப்பானில் ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்கள்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஜப்பானில் உண்மையில் நிரூபிக்கப்பட்டது என்ன?

ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். தோக்கியோவில் உள்ள தேசியப் புற்றுநோய் மையத்தின் ஆய்வாளர் கோரோ சிஹாராவும் அவருடைய குழுவினரும் 1969-இல் ஷீட்டாக்கே காளானிலிருந்து லென்டினான் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். சுண்டெலிகளுக்கு அதைச் செலுத்தியபோது கட்டிகள் சுருங்கின. மரக்கட்டைகளில் விசிறி போல் அடுக்கடுக்காக முளைக்கும் வேறொரு காளானிலிருந்து பி.எஸ்.கே. என்ற மருந்து தயாரானது. ஜப்பானிய அரசு பி.எஸ்.கே.வை 1977-இலும் லென்டினானை 1985-இலும் அங்கீகரித்தது.

இவை புற்றணுக்களை நேரடியாகக் கொல்வதில்லை. காளானின் உயிரணுச் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. மனித உடலில் அது கிடையாது. அதனால் அது உள்ளே நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்நியப் பொருள் வந்துவிட்டதென்று விழித்துக்கொள்கின்றன. அந்த விழிப்பைப் புற்றணுக்களுக்கு எதிராகத் திருப்ப முடியுமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் முக்கியமான ஒன்று 1994-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 262 ஜப்பானியர்கள் அதில் பங்கேற்றனர். எல்லாருக்கும் கீமோதெரபி கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடவே பி.எஸ்.கே.யும் கொடுக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பி.எஸ்.கே. பெற்றவர்களில் நூற்றுக்கு 73 பேரும் மற்றவர்களில் 60 பேரும் உயிரோடிருந்தனர்.

இது சிறிய வேறுபாடல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பங்கேற்ற அத்தனை பேரும் முதலில் கத்திக்குத் தங்களை ஒப்படைத்தவர்கள். கீமோதெரபியையும் தட்டிக்கழிக்காதவர்கள். காளான் மருந்து அங்கே துணைக்கு வந்ததே தவிர, சிகிச்சையின் இடத்தைப் பிடிக்கவில்லை. புதிய மருந்துகள் பல வந்துவிட்ட நிலையில் அந்த இரு மருந்துகளின் விற்பனையும் ஜப்பானில் 2010களின் பிற்பகுதியில் நின்றுபோனது.

லிங்ஸியின் நிலை இன்னும் பலவீனமானது. அது பற்றிய ஐந்து சோதனைகளை ஆராய்ந்து 2012-இல் கோக்ரேன் ஆய்வறிக்கை வெளியானது. கீமோதெரபியோடும் கதிரியக்கச் சிகிச்சையோடும் சேரும்போது லிங்ஸி ஓரளவு உதவக்கூடும் என்றும், தனியாகக் கொடுத்தால் கட்டியைச் சுருக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்றும் அது கூறியது.

சிகிச்சையைக் கைவிட்டு மாற்று மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் அதற்கு விடை சொன்னார்கள். தொடக்கத்தில் மாற்று மருத்துவத்தை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 நோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு அதிகம். மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்கையும் தாண்டியது. குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் கிடைத்த மாதங்கள் வீணானதன் விலை அது.

மலேசியாவில் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் மருந்தை விளம்பரம் செய்வது 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொட்டலத்தில் எம்.ஏ.எல். எண் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். பாரம்பரிய மருந்துக்கு அந்த எண் பதிவுச் சான்று மட்டுமே. நோயைப் போக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

லிங்ஸி சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கும் அதனால் ரத்தக் கசிவு ஏற்படலாம். சமையலுக்கு வாங்கும் ஷீட்டாக்கேயையும் நன்றாக வேகவைக்க வேண்டும். அரைவேக்காடாகத் தின்ற சிலருக்குச் சாட்டையால் அடித்தது போன்ற தடிப்புகள் தோலில் வருவதுண்டு.

காளான் நல்ல உணவு. ஆராயத் தகுந்த மருந்துப் பொருளும்கூட. ஆனால் மருத்துவர் குறித்துக் கொடுத்த சிகிச்சைத் தேதியை அதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.