கையாற் செய்யும் ஆளி
(சங்க மண்டபத்தில் ஆற்றிய உரை)



மின்னியல் என்றவுடன் உலோகப் பெட்டியும் பச்சைப் பலகையும் ஈயம் உருக்கும் கோலுமே நம்மிற் பலருக்கு நினைவில் வருகின்றன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கடதாசி, வெள்ளித்தாள், ஸ்பொஞ்சுத் துண்டு, ஊசி, நூல் ஆகியவற்றால் மின்சுற்றும் ஆளியும் செய்யும் வகையாகும். இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ என்று பெரியோர் சிலர் எண்ணலாம். ஒரு பாதி அப்படித்தான். மறு பாதி யாதென்பதற்குச் சற்றுப் பொறுத்திருக்குமாறு வேண்டுகின்றோம்.

ஆளி என்பது யாது? பாடப் புத்தகத்தில் அதற்கொரு குறியீடு உண்டு. பரீட்சையில் அதனைக் கீறிப் புள்ளியும் பெற்றுவிடுகின்றோம். ஆயினும் ஓர் ஆளியின் உள்ளே என்ன நடக்கின்றதென்று கண்ணாற் கண்டவர் இம்மண்டபத்தில் எத்தனை பேர்? (வீட்டுச் சுவரிலுள்ளதைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், அங்கே 230 வோல்ற்று காத்திருக்கின்றது.) வேண்டும்போது மூடவும் வேண்டாதபோது திறக்கவும் கூடிய ஓர் இடைவெளி, ஆளி என்பது அவ்வளவே. அந்த இடைவெளியை எதனாலும் செய்யலாம்.

உள்ளங்கையளவு மட்டைத் துண்டுகள் இரண்டை எடுங்கள். ஒவ்வொன்றின் உட்புறத்திலும் அலுமினியத் தாளை ஒட்டி, ஒரு நுனியை வால்போல வெளியே நீட்டி விடுங்கள். இரண்டுக்கும் இடையில் மெல்லிய ஸ்பொஞ்சு. அதன் நடுவில் ஒரு ரூபாக் குற்றியளவில் ஒரு துளை. மேலே அமர்த்தினால் துளையினூடே தாளும் தாளும் முட்டுகின்றன. கையை எடுத்தால் ஸ்பொஞ்சு அவற்றைப் பிரித்துவிடுகின்றது. ஆளி முடிந்தது. இரண்டு செய்திகளை மட்டும் மறக்கக்கூடாது. அலுமினியத்தில் ஈயம் இலகுவிற் பற்றாது. ஆதலால் வயரின் தோலுரித்த நுனியைத் தாளின் மடிப்புக்குள் வைத்துக் கடதாசிக் கவ்வியால் இறுக்க வேண்டும். அடுத்தது, பசை ஒரு காவலி. தாளும் தாளும் தொடவேண்டிய இடத்திற் பசை பட்டால் எவ்வளவு அமர்த்தினாலும் வெளிச்சம் வராது.

வெளிச்சத்துக்கு 2032 என்னும் எண்ணுடைய நாணய வடிவ மின்கலம் போதும். அந்த எண்ணே அதன் அளவு: விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். தருவது 3 வோல்ற்று. இதனோடு ஓர் ஒளிகாலும் இருவாயியைத் தொடுக்கும்போது நீண்ட கால் நேர்ப்பக்கம் இருக்க வேண்டும். வீட்டிற் சிறு குழந்தைகள் இருப்பின் இந்த மின்கலத்தைக் கண்டபடி வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தொண்டைக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். அவ்வாறு நேர்ந்தால் உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்.

இனி ஒரு சிறு புதிர். ஒரே மின்கலத்தின் இரு முகங்களுக்கும் குறுக்கே ஒரு சிவப்பு இருவாயியையும் ஒரு வெள்ளை இருவாயியையும் பக்கம் பக்கமாகத் தொடுங்கள். சிவப்பு எரியும், வெள்ளை எரியாது. வெள்ளை பழுதென்று வீசிவிடாதீர்கள். சிவப்பைக் கழற்றினால் அது பளிச்சென்று எரியும்! சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ற்று போதும். வெள்ளைக்கு ஏறக்குறைய 3 வேண்டும். இத்தகைய சிறிய மின்கலத்தின் மேற் சிவப்பு ஏறியவுடன் அழுத்தத்தைத் தன் அளவுக்கு இறக்கிவிடுகின்றது. மிஞ்சியது வெள்ளைக்குப் போதவில்லை. ஓமின் விதியைப் பத்து முறை எழுதியவருக்கும் இது வியப்பாகவே இருக்கும். கையாற் செய்தவன் இதனை மறப்பதில்லை.

தையலுக்கு வருவோம். மின்னைக் கடத்தும் நூல் இக்காலத்து அதிசயம் என்று நினைக்கின்றோம். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே றெமி போஸ்ட், மகி ஓர்த் என்னும் இருவர் 1997இல் துணியால் மின்சுற்று அமைக்கும் முறையைப் பற்றி எழுதினர். அவர்கள் எடுத்துக்கொண்ட துணிகளில் ஒன்று, உலோகத் தகடு சுற்றிய பட்டிழையால் நெய்தது. இந்தியாவிற் பெண்களின் ஆடைக்கென்று நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வருவது. நம் தாய்மாரின் கூறைச் சேலையிலுள்ள பழைய சரிகையும் அதே இனத்தது. ஆயின் இன்று கடையில் வரும் சரிகையிற் பெரும்பகுதி பிளாத்திக்குப் பூச்சுடையது. மின்னும், மின்னைக் கடத்தாது. எது எதுவென்று அறிய மின்கலமும் இருவாயியும் கொண்டு சோதிக்கலாம். சோதனையைக் கிழிந்த கரைத்துண்டிற் செய்யுங்கள். அம்மாவின் கூறையில் வேண்டாம்.

லியா பியூக்லி என்னும் அம்மையார் துணியில் தைக்கக்கூடிய சிறு கணினிப் பலகை ஒன்றை அமைத்தார். அது 2007இல் விற்பனைக்கு வந்தது. பின்னர் 2010இல் அவரும் இன்னொருவரும் அப்பலகையால் ஆன வேலைகளை ஆராய்ந்தபோது, அவற்றிற் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் பெண்கள் எனக் கண்டனர். வழக்கமான பலகையைக் கையாண்டவர்களோ பெரும்பாலும் ஆண்கள். மின்சாரம் ஒன்றுதான், ஊசியும் நூலும் வந்தவுடன் செய்பவர்கள் மாறிவிட்டார்கள். நமது சங்கத்திலும் விஞ்ஞானக் கூட்டமென்றால் ஆண்பிள்ளைகளும் தையல் வகுப்பென்றாற் பெண்பிள்ளைகளும் வருவது வழக்கமாகிவிட்டது. இதனை நாம் நன்றென்று கருதவில்லை. கடத்தும் நூலாற் தைத்தவர் அறிவர்: பின்புறத்தில் நறுக்காமல் விட்ட ஒரு நூல் நுனி பக்கத்து இழையைத் தொட்டால் முழுச் சுற்றும் குறுகிவிடும். துணியின் பின்புறத்தைத் துப்புரவாக வைத்திருக்க அறிந்தவர்கள் யார்? நமது ஆச்சிமார்தாம்.

மூத்தோருக்கு இவ்வகைக் கைவேலை புதிதன்று. 1990களில் மின்கலம் தடைப்பொருளாயிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இது. செய்தி முடியும்வரை ஒருவர் மிதித்துக்கொண்டே இருப்பார். அவர்களிடம் இளைஞர்கள் கேட்டறிய வேண்டியவை நிறைய உண்டு.

முன்னர் பொறுத்திருக்கச் சொன்ன மறு பாதிக்கு இப்பொழுது வருகின்றோம். கடையில் வாங்கும் ஆளிக்கு நமது விரல் இணங்க வேண்டும். சிறிய பொத்தான், அதற்கேற்ற கூரிய விரல், அளவான பலம் யாவும் வேண்டும். பாரிசவாதத்தாற் படுக்கையிலிருக்கும் பாட்டனாருக்கு அவை இல்லை. பிறவியிலேயே கை வசப்படாத பிள்ளைக்கும், போரில் விரல்களை இழந்தவருக்கும் இல்லை. இவர்களுக்கென்று செய்த பெரிய ஆளிகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன; விலையோ நமது குடும்பங்களுக்கு எட்டாதது. சற்றுமுன் நாம் சொன்ன மட்டையும் ஸ்பொஞ்சும் அவ்வேலையைச் செய்யும்.

முதலில் வேண்டியது கத்தரிக்கோல் அன்று, பொறுமை. அந்தப் பிள்ளையின் அருகிலிருந்து பாருங்கள். எந்த அசைவு அதற்கு நிச்சயமாக வருகின்றது? முழங்கையா, கன்னமா, பாதமா? அங்கே ஆளி இருக்கட்டும். பலம் குறைந்தவருக்கு மெல்லிய ஸ்பொஞ்சும் அகன்ற துளையும் வைத்தால் இலேசாகத் தொட்டாலே போதும். கை நடுங்குபவருக்குத் தடித்த ஸ்பொஞ்சும் சிறு துளையும் வேண்டும். அல்லாவிடின் ஒவ்வொரு நடுக்கமும் ஆளியை மூடிவிடும். துளையின் அளவை மாற்றுவதற்கு ஒரு பிளேட் போதும்.

மின்கலத்தால் ஓடும் விளையாட்டுப் பொருளை இவ்வாளியோடு இணைக்க அதனை உடைக்க வேண்டியதில்லை. மெல்லிய மட்டைத் துண்டொன்றின் இரு முகத்திலும் செப்புத்தாளை ஒட்டி, முகத்துக்கு ஒரு வயராக இரண்டைத் தொடுங்கள். இரு தாள்களும் விளிம்பில் ஒன்றையொன்று தொடக்கூடாது. இதனை மின்கலத்துக்கும் அதன் சுருள்வில்லுக்கும் இடையிற் செருகுங்கள். சுற்றிலே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இரு வயர்களையும் நமது ஆளிக்குக் கொண்டுபோங்கள். பொருளின் சொந்த ஆளியை எப்போதும் போட்டபடியே விட்டுவிடலாம். பிள்ளை கன்னத்தால் அமர்த்தும்போது கார் ஓடும்; எடுத்தால் நிற்கும். தான் செய்ததால் ஒன்று நிகழ்ந்தது என்பதை முதன்முறையாக அறியும் பிள்ளையின் முகத்தை அதன் தாய் பார்க்க வேண்டும். இதே ஆளியை ஒரு சிறு மின்கல ஒலிப்பானோடு தொடுத்தாற் பாட்டனாருக்கு அழைப்பு மணி ஆயிற்று.

குறையையும் சொல்லிவிடுவோம். வெள்ளித்தாள் பலநாள் அமர்த்துப்பட்டால் வெடிக்கும், ஸ்பொஞ்சு தளரும். வாரத்துக்கொரு முறை சோதிக்க வேண்டும். நோயாளியின் அழைப்பு மணியை மட்டும் நம்பி வீட்டார் தூரப் போய்விடலாகாது. சுவர் மின்சாரத்தோடு இவ்வாளியை எக்காரணங்கொண்டும் தொடுக்கலாகாது. ஆனாற் பழுதானால் செய்தவரே அரை மணி நேரத்திற் புதிதாகச் செய்துவிடுவார். கப்பலில் வரும் உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

செயற்குழுவினரிடம் எமது வேண்டுகோள் ஒன்று. வாரத்தில் ஒரு மாலை இம்மண்டபத்தைத் திறந்து விடுங்கள். தையல் வகுப்புப் பிள்ளைகளும் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளும் ஒரே மேசையில் இருக்கட்டும். ஆச்சிமார் இருவர் மேற்பார்வைக்கு வரட்டும். எந்த வீட்டில் யாருக்கு ஓர் ஆளி தேவையென்று ஊரை அறிந்த மூத்தோர் சொல்லுங்கள்.

முன்மேசையில் நான்கு ஆளிகள் வைத்திருக்கின்றோம். மூன்று எரியும். நான்காவதில் ஓரிடத்தில் வேண்டுமென்றே பசை தடவியிருக்கின்றோம். இளைஞர்கள் வந்து எங்கே என்று கண்டுபிடியுங்கள்.