இளஞ்சிவப்பு நிறம் பேசும் நகரம்



ஓர் ஆற்றுக்கு இரு பெயர்கள். வடகரையிலுள்ள அமெரிக்கர் அதனை ரியோ கிராண்டே என்பர். தென்கரையிலுள்ள மெக்சிக்கர் ரியோ பிராவோ என்பர். 1848 ஆம் ஆண்டு உடன்படிக்கை அந்த ஆற்றை இரு நாடுகளுக்கும் எல்லையாக்கிற்று. வடகரையில் எல் பாசோ நகரம் வளர்ந்தது. தென்கரையில் இருந்த பழைய ஊருக்கு, மெக்சிக்கோவின் புகழ்பெற்ற ஜனாதிபதி பெனிட்டோ ஹுவாரெஸின் பெயர் 1888 இல் சூட்டப்பட்டது. அந்த ஹுவாரெஸ் நகரத்து மக்களின் கலை வாழ்வு பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

எல்லை நகரம் என்றதும் சுங்கச் சாவடியும் கடத்தலுமே நம் நினைவுக்கு வரும். அவை அங்கு இல்லாமல் இல்லை. ஆயினும் காலையில் பாலத்தைக் கடந்து அக்கரைக்கு வேலைக்கோ பாடசாலைக்கோ சென்று, மாலையில் வீடு திரும்புவோர் பலர். இரு மொழிகளும் அவர்கள் நாவில் கலந்து புழங்கும். டிசெம்பர் 12 ஆம் திகதி குவாடலுப்பே அன்னையின் திருநாளில், மத்தாச்சின் என்னும் ஆட்டக் குழுவினர் தலையில் இறகு சூடி, காலிற் சலங்கை போல ஒலிக்கும் அணி பூண்டு, மேளத்துக்கு இசைய ஆடுவர். அவர்கள் தொழில்முறைக் கலைஞர் அல்லர். தந்தை ஆடிய இடத்தில் மகன் ஆடுகிறான், அவ்வளவே.

இந்நகரம் நாட்டுக்குத் தந்த பெருங்கலைஞர் ஹுவான் கப்ரியேல். 1950 இல் மிச்சோவாக்கான் மாநிலத்தில் பிறந்து, குழந்தையாகவே ஹுவாரெசுக்கு வந்தவர். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தார். மகனோ சிறுவர் இல்லமொன்றில் வளர்ந்தார். அங்கே தகரவேலை கற்பித்த ஹுவான் கொன்ரேராஸ் என்னும் ஆசான்தான் அவருக்கு இசையையும் கற்பித்தார். ஆசானின் பெயரான ஹுவானையும் தந்தையின் பெயரான கப்ரியேலையும் இணைத்துத் தமக்குப் பெயராக்கிக்கொண்டார் மாணவர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு, இதனிலும் பெரிய குரு காணிக்கை ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

பதின்ம வயதில் அவர் பாடத் தொடங்கிய இடம் 'நோவா நோவா' என்னும் இரவு விடுதி. 1980 இல் அதன் பெயரிலேயே அவர் ஆக்கிய பாடல் அந்த எளிய விடுதியை ஸ்பானிய மொழி வழங்கும் நாடெங்கும் அறியச் செய்தது. 1990 இல் மெக்சிக்கோ நகரின் நுண்கலை மாளிகையிலே அவர் பாடினார். செவ்வியற் கலைக்கே உரிய அம்மேடையில் வெகுசனப் பாடகர் ஏறலாமா என்ற சர்ச்சையும் எழுந்தது. 2016 ஓகஸ்ட் 28 ஆம் திகதி அவர் மறைந்தபோது, ஹுவாரெசில் உள்ள அவர் வீட்டு வாசலில் மக்கள் மெழுகுதிரிகளுடனும் மலர்களுடனும் திரண்டு நின்று பாடினர். வேலைக்காரியின் மகன் தங்களுக்காகப் பாடினான் என்ற உரிமை அது.

நேயர்களே, இதே நகரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1965 ஆம் ஆண்டின் எல்லைக் கைத்தொழில் திட்டத்தின் பின்னர், உதிரிப் பாகங்களை இறக்குமதி செய்து, பொருத்தி, திருப்பி அனுப்பும் தொழிற்சாலைகள் அங்கு பெருகின. 'மக்கிலா' எனப்படும் அவற்றில் வேலை தேடித் தென்பகுதிகளிலிருந்து இளம் பெண்கள் வந்தனர். 1993 முதல் பெண்கள் கொலையுண்டு பாலைவனத்தில் வீசப்படும் செய்திகள் தொடர்ந்து வெளிவரலாயின. 2001 இல் பருத்தி வயலொன்றில் எட்டுப் பெண்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்களுள் மூவர் தொடர்பான வழக்கில், மெக்சிக்க அரசு தன் கடமையிலிருந்து தவறியது என 2009 இல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்புக்கு வெகுகாலம் முன்பே தாய்மாரும் சகோதரிகளும் தம் தீர்ப்பை எழுதத் தொடங்கிவிட்டனர். மின்கம்பங்களில் இளஞ்சிவப்பு வர்ணம் பூசி, அதன்மேல் கறுப்புச் சிலுவை தீட்டினர். பருத்தி வயலில் இளஞ்சிவப்புச் சிலுவைகளை நாட்டினர். ஓவியர்கள், குடும்பத்தினர் விரும்பியவாறு, காணாமற்போன பிள்ளைகளின் முகங்களைச் சுவர்களிலே வரைந்தனர். சுவரொட்டி கிழிந்துபோகும், மழையில் கரைந்துபோகும். சுவரோவியமோ அந்த வீதியால் போவோரை நாளும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நாடகமும் வாளாவிருக்கவில்லை. பெர்லா டி லா ரோசா என்னும் நாடகாசிரியர், 'மணல் திரை' எனப் பொருள்படும் பெயருடைய தம் குழுவுக்காக, சோபோக்கிளிசின் அன்ரிகனியை ஹுவாரெசுக்குக் கொண்டுவந்தார். கிரேக்கத்து அன்ரிகனி சகோதரனை அடக்கம் செய்யும் உரிமைக்காக அரசனை எதிர்த்தாள். இந்த அன்ரிகனியோ சகோதரியின் உடலைத் தேடுகிறாள். அங்கே அடக்கம் செய்வதற்குத் தடை. இங்கே அடக்கம் செய்ய உடலே இல்லை. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கதை ஏன் இன்னும் சாகவில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இனி ஒரு பெண்ணும் சாகக்கூடாது என்ற முழக்கத்தோடு இணைத்துப் பேசப்படுபவர் ஹுவாரெஸ் கவிஞர் சுசானா சாவெஸ். 2011 ஜனவரியில் அவரே கொலையுண்டார். வயது 36. கவிதை அவரைக் காக்கவில்லை.

அப்படியாயின் கலையினால் என்ன பயன் என்று நேயர்கள் கேட்கலாம். என் மாணவரும் இதனையே கேட்பதுண்டு. விடையாக இன்னொரு காட்சியைச் சொல்கிறேன். 2019 ஜூலை 28 ஆம் திகதி, நகரின் ஓரத்து அனாப்ரா குடியிருப்பில், எல்லை வேலியின் இரும்புக் கம்பிகளினூடே மூன்று சீசோப் பலகைகள் செருகப்பட்டன. ரொனால்ட் ரயல், வேர்ஜீனியா சான் ஃபிரட்டெல்லோ என்னும் கட்டடக் கலைஞர் இருவர் அமைத்தவை அவை. இப்பக்கத்துப் பிள்ளை கீழே போக, அப்பக்கத்துப் பிள்ளை மேலே எழுந்தது. ஒருவர் எழ மற்றவர் இறங்கியே ஆக வேண்டும். ஒரு மணி நேரங்கூட அவ்விளையாட்டு நீடிக்கவில்லை. வேலி இருந்தபடியே இருந்தது.

அப்பலகைகளுக்குப் பூசிய நிறம் என்ன தெரியுமா? இளஞ்சிவப்பு. கொலையுண்ட பெண்களுக்காக நாட்டிய சிலுவைகளின் அதே நிறம்.

கலை கொலையாளியைப் பிடித்துத் தராது; வேலியையும் இடித்துவிடாது. ஆனால் துயரத்தின் நிறத்தைப் பிள்ளைகளின் விளையாட்டு வரை கொண்டுசென்று, இரண்டையும் ஒருங்கே நினைக்கச் செய்யும் வல்லமை அதற்கு உண்டு. மறக்கச் சொல்லும் உலகில் ஒரு பெயரை மறக்காமல் வைத்திருப்பது சிறிய காரியமன்று. அதன் அருமையை நம் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.