கேப்டன் மேன்டெல் துரத்திச் சென்ற பொருள்



1948ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி, பிற்பகல் நேரம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பல ஊர்களிலிருந்து போலீசாருக்குத் தகவல் வருகிறது. வானத்தில் வட்டமாக, பெரிதாக ஏதோ தெரிகிறது என்கிறார்கள் மக்கள். காட்மன் ராணுவ விமானதளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களும் அதைப் பார்த்தார்கள். அந்த வழியாக நான்கு மஸ்டாங் போர் விமானங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றின் தலைவர் கேப்டன் தாமஸ் மேன்டெல். வயது 25. இரண்டாம் உலகப் போரில் பறந்து பதக்கம் பெற்ற விமானி. அது என்னவென்று பார்த்துச் சொல்லுமாறு கோபுரம் அவரைக் கேட்டுக்கொண்டது.

மேன்டெல் உயர ஏறினார். அந்தப் பொருள் தமக்கு மேலே இருப்பதாக வானொலியில் தெரிவித்தார். மிக உயரத்தில் சுவாசிக்கத் தேவையான பிராணவாயு அவரிடம் இல்லை. உடன் வந்தவர்கள் சுமார் 22,000 அடியில் திரும்பிவிட்டார்கள். அவர் தொடர்ந்து ஏறினார். 25,000 அடி உயரத்தில் பிராணவாயுக் கருவி இல்லாத மனிதருக்குத் தெளிவான நினைவு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் இருக்கும். நினைவு மங்குவதும் அவருக்கே தெரியாது. ஃபிராங்க்ளின் என்ற ஊருக்கு அருகே அவருடைய விமானம் விழுந்து நொறுங்கியது.

‘பறக்கும் தட்டு’ என்ற பேச்சு அமெரிக்காவில் பரவி அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மேன்டெலின் விமானத்தை வேற்றுக் கிரகத்தார் சுட்டு வீழ்த்திவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. மேன்டெல் பார்த்தது வெள்ளிக் கிரகம் என்று விமானப்படை விளக்கம் தந்தது. வெள்ளி அந்தத் திசையில் இருந்தது உண்மைதான். ஆனால் பட்டப்பகலில் அத்தனை பேர் கண்ணில் படும் அளவுக்கு அது ஒளிரவில்லை. மக்கள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை.

பிறகு விமானப்படையின் ‘புளூ புக்’ என்ற பறக்கும் தட்டு விசாரணைக்குத் தலைவராக வந்த கேப்டன் எட்வர்ட் ரப்பெல்ட், 1952இல் இந்தக் கோப்பை மறுபடி பிரித்தார். சம்பவம் நடந்த காலத்தில் கடற்படை ‘ஸ்கைஹூக்’ என்ற ராட்சத பலூன்களை 60,000 அடிக்கும் மேலே பறக்கவிட்டு வந்தது. குறுக்களவு சுமார் 100 அடி. வெயிலில் உலோகம்போல் மின்னும். 1948இல் அது ராணுவ ரகசியம். மேன்டெலுக்கும் தெரியாது, முதலில் விசாரித்தவர்களுக்கும் தெரியாது. சாட்சிகள் சொன்ன உருவம் பலூனோடு பொருந்தியது. ஆனால் அன்றைய தினம் பலூன் ஏவப்பட்டதைக் காட்டும் பதிவேடு ரப்பெல்ட்டுக்குக் கிடைக்கவே இல்லை. அதனால் ‘பெரும்பாலும் பலூன்’ என்ற அளவிலேயே அவர் நின்றார்.

அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். விமானி பொய் சொல்லவில்லை. அவர் கண்ணும் பொய் சொல்லவில்லை. ஒரு படையின் ரகசியம் இன்னொரு படைக்குத் தெரியாமல் போனதும், அவசரமாக ஒரு விடை சொல்லப்பட்டதும்தான் வதந்திக்கு இடம் தந்தன. 1969இல் புளூ புக் மூடப்பட்டபோது 12,618 தகவல்களில் 701 விளக்கம் இல்லாமலே நின்றன. அந்த 701ஐ வேற்றுக் கிரகத்துக்கு ஆதாரம் என்று சொல்வதும் அவசரம். வெறும் பிரமை என்று தள்ளுவதும் அவசரம். சான்று எதுவரை போகிறதோ அதுவரை மட்டும் சொல்வதே நல்ல விசாரணை. அதையே நாம் எந்த அரசிடமும் கேட்க வேண்டும்.