சித்தன்னவாசலில் என் பெயர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஒரு சிவில் இன்ஜினியர். சிமெண்ட், கம்பி பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். சங்கச் செயலாளர் அண்ணன், "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுப்பா, பத்து நிமிஷத்தைத் தாண்டாதே" என்றார். அதனால், படிக்கிற காலத்தில் நான் செய்த ஒரு தவறை உங்கள் முன்னால் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர் பஸ் பிடித்துச் சித்தன்னவாசல் போனோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், அன்னவாசலுக்குப் பக்கம். "புத்தர் கோயில்டா" என்றான் ஒருத்தன். காலை மடக்கிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு எல்லாருமே புத்தர்தான். குடைவரையை ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டு மலை மேல் ஏறினோம். அங்கே ஒரு கூரான கல்லை எடுத்து, பாறையில் என் பெயரையும் எங்கள் பேட்ச் வருஷத்தையும் கீறினேன். கைதட்டல் வேறு கிடைத்தது.

பல வருஷம் கழித்து ஒரு சாலைப் பணிக்காக அந்தப் பக்கம் போனபோது மறுபடி ஏறினேன். இந்த முறை கொஞ்சம் படித்துவிட்டுப் போயிருந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில், அது புத்தர் கோயில் இல்லை. பௌத்தம் நம் பக்கம் வராமல் இல்லை. முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழ மன்னர் கொடையாகத் தந்தார். ஆனால் சித்தன்னவாசல் சமணர்களுடைய இடம். உள்ளே அர்த்த மண்டபத்தில் ஐந்து தலை நாகம் குடை பிடிக்க அமர்ந்திருப்பவர் 23ஆம் தீர்த்தங்கரர் பார்சுவநாதர். அவருக்கு எதிர்ப்புறம் இருப்பவர் ஒரு ஆசிரியர். கருவறைப் பின்சுவரில் மூன்று உருவங்கள். தலைக்கு மேல் முக்குடை இருந்தால் தீர்த்தங்கரர், ஒற்றைக் குடை என்றால் ஆசாரியர். நாகத்தையும் குடையையும் பார்க்கத் தெரிந்திருந்தால் அன்றைக்கு நாங்கள் ஏமாந்திருக்க மாட்டோம்.

இனி விதானத்தைப் பாருங்கள். ஒரு தாமரைக் குளம். அதில் மீன், அன்னம், எருமை, யானை. நடுவே மூன்று மனிதர்கள் பூப் பறிக்கிறார்கள். வெறும் அழகுக்காக வரைந்த குளம் இல்லை இது. தீர்த்தங்கரர் அறம் உரைப்பதற்காகத் தேவர்கள் அமைக்கும் சபைக்குச் சமவசரணம் என்று பெயர். அது வட்டம் வட்டமாக அமைந்தது. அதில் நீர் நிறைந்த பகுதிதான் இந்தக் குளம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பூப் பறிப்பவர்கள் பவ்வியர், அதாவது அறம் கேட்கத் தகுதி பெற்றவர்கள். அந்தச் சபைக்கு மனிதன் மட்டும் வருவதில்லை, எல்லா உயிரும் வருகின்றன. யானையும் மனிதனும் ஒரே தண்ணீரில் நிற்பதற்கு அதுதான் காரணம்.

இந்த ஓவியங்களை முதலில் நூலில் குறித்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. புதுக்கோட்டை மன்னர் கல்லூரி முதல்வராக இருந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயர், 1916இல் வெளிவந்த தம் புதுக்கோட்டை வரலாற்றில் எழுதினார். பிறகு 1920இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் எழுத, உலகம் திரும்பிப் பார்த்தது. சென்னை அருங்காட்சியக வேதியியலர் எஸ். பரமசிவன் 1930களில் பூச்சையும் வண்ணத்தையும் ஆராய்ந்தார். சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கறுப்பு, காவி மண், மஞ்சள் மண் என்று பெரும்பாலும் நம் காலடியில் கிடைக்கிற சரக்குதான். அதை வைத்துக்கொண்டு ஆயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிற வேலை செய்திருக்கிறார்கள். நாம் அடிக்கிற பெயிண்ட் ஐந்து மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம்!

கருவறைக்குள் நடுவில் நின்று 'ம்ம்' என்று மெல்ல முனகினால் அறை முழுவதும் ரீங்காரம் கேட்கும். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறை ஏறத்தாழ ஒன்பதரை அடிச் சதுரம், அதாவது 2.9 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே இரண்டாம் நிலை ஒத்ததிர்வு நொடிக்கு ஏறக்குறைய 117 அதிர்வு வருகிறது. ஆண்கள் தாழ்ந்த குரலில் முனகும் சுருதியும் கிட்டத்தட்ட அதுதான். அந்த நிலையில் அழுத்தம் உச்சமாகும் இடங்களில் அறையின் நடுவும் ஒன்று. சுவர் கடினமான பாறை என்பதால் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புகிறது. திட்டமிட்டுச் செய்தார்களோ, தானாக அமைந்ததோ, தம்பிகள் போனால் ஒரு தடவை நின்று கேளுங்கள்.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மலையின் கிழக்குப் பக்கம் ஏழடிப்பட்டம். பாறையில் கால் வைக்க வெட்டிய படிகளால் அந்தப் பெயர். அங்கே இயற்கைக் குகையில், தலையணை மேட்டோடு வழவழப்பாக்கிய 17 கல் படுக்கைகள். பெரிய படுக்கையில் கி.மு. முதல் நூற்றாண்டு அளவில் தமிழ் பிராமியில் ஒரு வாசகம். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு வேறு ஊர் இளையர் என்பவர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் பொருள். மற்றப் படுக்கைகளில் திருநீலன், பூர்ணசந்திரன் என்று பிற்காலத்தில் தவம் செய்தவர்களின் பெயர்கள். கீழே குடைவரை முகப்பில் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் உள் மண்டபத்தைப் புதுப்பித்து முன் மண்டபம் எழுப்பிய மதுரை ஆசிரியன் இளங்கௌதமனைச் சொல்கிறது அது.

ஒருவர் படுக்கை செய்து கொடுத்தார். ஒருவர் இடிந்ததைக் கட்டினார். சிலர் அந்தக் கல்லில் படுத்துத் தவம் செய்தார்கள். அதனால் அவர்கள் பெயர் அங்கே இருக்கிறது. தாமரைக் குளத்தை வரைந்தவன் தன் பெயரை எங்கேயும் எழுதிவைக்கவில்லை. நான் என்ன செய்தேன்? ஒரு சனிக்கிழமை வந்து போனேன், அவ்வளவுதான்.

என் கிறுக்கலைத் தேடிக் கண்டுபிடித்தேன். இருந்தது. தேய்த்து அழித்துவிடலாமா என்று அங்கிருந்த காவலாளிப் பெரியவரிடம் கேட்டேன். "தொடாதீங்க சார். தேச்சா பாறைக்கு இன்னொரு காயம். நீங்களாவது வந்து கேட்டீங்க" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பது 1958ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தைதான் எனக்குப் பெரிய தண்டனை.

தம்பி தங்கைகளே, சுற்றுலா போகும்போது விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். ஐந்து நிமிஷத்தில் ஓடி வராதீர்கள். உங்களில் யாராவது பாறையில் கல்லை வைத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அன்றைக்கு எங்கள் ஆறு பேரில் ஒருத்தன்கூட என்னை நிறுத்தவில்லை, கைதான் தட்டினார்கள். அவர்களில் மூன்று பேர் இந்த அரங்கில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் பெயரும் பேட்ச் வருஷமும் இந்த மலரில் அச்சாகும் என்று செயலாளர் அண்ணன் சொன்னார். எனக்கு அது போதும்.